இரணைமடுவிலிருந்து தாளையடிக்கு: உதவியைத் திருத்துவது யார்?



போன மாதக் கூட்டம் ஏன் அவ்வளவு இழுபட்டது என்று வராத பல பேர் கேட்டிருந்தீர்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கிட்ட ஒரு தோழரின் வீட்டுக் கராஜ், ஜூலைக் குளிர், ஒரேயொரு ஹீட்டர், அதைச் சுத்தி பதினைஞ்சு பேர். பேசவேண்டியது ஒரே விசயம்தான். கன்பராவுக்குப் போகிற கூட்டுக் கடிதம் ஒன்றில் எங்கட பெயரையும் போடுவதா, விடுவதா? அவுஸ்திரேலியா வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.7 வீதமாக உயர்த்த வேண்டும் என்று கேட்கிற கடிதம் அது. பத்து நிமிசத்தில் முடியும் என்று நினைத்தோம். மூன்று மணித்தியாலம் போனது, தேத்தண்ணி மூன்று தரம் போட்டாயிற்று.

மூன்று குரல்கள் எழும்பின. முதலாவது: உடனே கையெழுத்துப் போடுவோம். அமெரிக்கா யூஎஸ்எய்டை 2025 ஜூலை 1ஆம் தேதியோடு மூடிவிட்டது. பிரிட்டன் பெப்ரவரியில் உதவியை 0.5 வீதத்திலிருந்து 0.3 வீதத்துக்கு இறக்கப்போவதாக அறிவித்தது, மிச்சம் பிடிக்கிற காசு ராணுவத்துக்கு. இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாங்கள் என்ன இடதுசாரிகள்? இரண்டாவது: உதவி என்ற பெயரில் போவதெல்லாம் கடன், கடன் என்ற பெயரில் போவதெல்லாம் கழுத்துக் கயிறு, இதுக்குப் போய் நாங்கள் கையெழுத்துப் போடுவதா? மூன்றாவது, வயதில் மூத்த இரண்டு தோழர்களிடமிருந்து வந்தது: இலங்கை அரசுக்கு ஒரு சதமும் போகக்கூடாது, முதலில் முள்ளிவாய்க்காலுக்குப் பதில் சொல்லட்டும்.

மூன்றிலும் உண்மை இருக்கு. மூன்று மணித்தியாலம் போனதும் அதனால்தான். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம்: கையெழுத்துப் போடுவோம், ஆனால் எங்கட பந்தி ஒன்றையும் சேர்த்துத்தான் போடுவோம். இரண்டு தோழர்கள் இன்னும் உடன்படவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. அந்தப் பந்தியில் என்ன இருக்கு, ஏன் இருக்கு என்பதைச் சொல்லத்தான் இந்த ஆசிரியர் தலையங்கம்.

சொல்லுறதுக்கு ஊருக்குத்தான் போகவேணும். குறிப்பாக, தண்ணீருக்கு.

இங்கே பிறந்து வளர்ந்த தோழர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் தரை. மாரியில் பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர் வில்லையாக மிதந்து நிற்கும். உங்கட அம்மம்மா வீட்டுக் கிணறு தொடுகிறது அந்த வில்லையைத்தான். கூட இறைத்தால் உப்பு ஏறும். மேலே போடுகிற உரமும், கிணற்றுக்குப் பக்கத்திலேயே வெட்டிய மலகூடக் குழியும் கீழே அதே தண்ணிக்குள்தான் இறங்கும். நைத்திரேற்று பிரச்சினை என்று பல்கலைக்கழகத்து ஆட்கள் பல வருசமாகச் சொல்லிவருகிறார்கள். போதாததுக்கு, சுன்னாகத்தில் மின் நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது. 2019இல் உயர் நீதிமன்றம் அந்த மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. ஆக, குடாநாட்டுக்கு நல்ல குடிதண்ணீர் வேணும் என்பதில் சண்டையே இல்லை.

போர் முடிந்த அடுத்த வருசம், 2010இல், ஆசிய அபிவிருத்தி வங்கி இதுக்காக 90 மில்லியன் டொலர் கடனை அங்கீகரித்தது. பிரெஞ்சு அபிவிருத்தி முகவரகமும் சேர்ந்து கடன் கொடுத்தது. திட்டம் காகிதத்தில் வடிவாகவே இருந்தது. கிளிநொச்சியில் இரணைமடுக் குளம் இருக்கு. அதன் அணைக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தினால் கூடுதலாகத் தண்ணி தேங்கும், அந்தக் கூடுதல் தண்ணியைச் சுத்திகரித்து ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் அனுப்பலாம். கூடுதலாக வருகிறதைத்தானே எடுக்கிறோம், ஆருக்கு என்ன நட்டம்?

நட்டம் ஆருக்கு என்று கிளிநொச்சி விவசாயிகளுக்குத் தெரியும். இரணைமடுவில் பெரும்போகம் மழையோடு ஒப்பேறிவிடும். சிறுபோகம்தான் குளத்தை நம்பி நிற்கிறது. தண்ணி குறைந்த வருசத்தில் சிறுபோகத்துக்கு முழு வயலும் விதைக்க ஏலாது. எத்தனை ஏக்கர் என்று கூட்டம் போட்டுப் பங்கு பிரிப்பினம். வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவனுக்கு நல்ல வருசத்திலேயே தண்ணி போய்ச் சேர்வது கஷ்டம். போரில் ஒருக்கா எல்லாத்தையும் இழந்து, முகாமிலிருந்து திரும்பி வந்து, கண்ணிவெடி எடுத்த வயலில் முதல் விதைப்பு விதைத்துக்கொண்டிருந்த ஆட்களிடம் போய், "மழை பெய்யும், கூடுதல் தண்ணி வரும், அதைத்தான் எடுப்போம்" என்று சொன்னால் நம்புவினமா? மழை பெய்யாத வருசத்தில் முதலில் பூட்டுவது எதை, யாழ்ப்பாண நகரத்துக் குழாயையா, முரசுமோட்டை வாய்க்காலையா? இந்தக் கேள்விக்கு ஆரும் எழுத்தில் பதில் கொடுக்கவில்லை.

இதுக்குள் இன்னொரு விசயமும் இருந்தது. எங்கட கூட்டங்களில் அதைக் கதைக்கிறது குறைவு. கிளிநொச்சியில் கணிசமான ஆட்கள் மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1958, 1977 கலவரங்களும் தோட்டங்களில் வந்த பஞ்சமும் துரத்தி வன்னியில் குடியேறியவர்கள். பலருக்குக் காணி உறுதி இல்லை. பாசன நீர்ப் பங்கும் இல்லை. கூலிக்குப் போய்த்தான் சீவியம். வயல் விதைக்காவிட்டால் சொந்தக்கார விவசாயிக்கு ஒரு போகம் நட்டம், கூலிக்காரக் குடும்பத்துக்கு ஆறு மாதம் அடுப்பில்லை. "யாழ்ப்பாணத்தானுக்குத் தண்ணி, வன்னியானுக்கு வெறும் வாய்க்கால்" என்ற கோபம் பிரதேசவாதம் இல்லை, தோழர்களே. அதுக்குள் வர்க்கமும் சாதியும் இருந்தது. அதைப் பிரதேசவாதம் என்று ஒதுக்கியவர்களில் எங்கட ஆட்களும் இருந்தார்கள்.

விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013 செப்டம்பரில் வட மாகாண சபைத் தேர்தல் நடந்தது. புதுசாக வந்த சபையும் இரணைமடுத் தண்ணியை எடுப்பதை எதிர்த்து, கடல்நீரைக் குடிநீராக்குவதை மாற்றாக முன்வைத்தது. அதற்கிடையில் கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஒரே பல்லவி: சண்டை பிடித்துக்கொண்டிருந்தால் காசு திரும்பிப் போய்விடும். வெளிநாட்டுக் காசோடு வேலை செய்த ஆருக்கும் இந்த வசனம் தெரிந்திருக்கும். இது தகவல் இல்லை, மிரட்டல். காசு ஒரு பஸ் மாதிரி, ஏறாவிட்டால் போய்விடும், அடுத்தது எப்ப வருமோ தெரியாது. ஏறுகிறவன் பஸ் எங்கே போகுது என்று கேட்கக்கூடாது.

ஆனால் பஸ் போகவில்லை. இதைத்தான் நாங்கள் முக்கியமாகப் பார்க்கிறோம். மக்கள் மறித்தார்கள், வங்கி நின்றது, திட்டம் திருத்தப்பட்டது. இரணைமடுக் குளம் வேறு நிதியில், ஐ.நா.வின் விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடனில், பாசனத்துக்காகவே புனரமைக்கப்பட்டது. குடிதண்ணிக்கு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். 2024 ஓகஸ்ட் 2ஆம் தேதி ரணில் விக்கிரமசிங்க வந்து திறந்தார், ஜனாதிபதித் தேர்தலுக்கு ஏழு கிழமை இருக்க. ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர்.

கிளிநொச்சி விவசாயிகள் வென்றார்கள். இது சின்ன விசயமில்லை. இராணுவக் காவலரண் சந்திக்குச் சந்தி நின்ற காலத்தில், மனிலாவில் இருக்கிற ஒரு வங்கியின் திட்டத்தை விவசாய அமைப்புகள் மாற்றவைத்தன. எங்கட புலம்பெயர் ஊடகங்கள் இதை ஒரு வெற்றியாக எழுதியதை நாங்கள் அதிகம் காணவில்லை. கொடி இல்லாத போராட்டம் எங்கட கண்ணுக்குத் தெரிகிறதில்லைப் போல.

ஆனால் அந்தத் திருத்தத்துக்கு விலை என்ன, அதை ஆர் கட்டுகிறார்கள்?

2017இல் வங்கி இந்தத் திட்டத்துக்கு மேலதிகமாக 120 மில்லியன் டொலர் அங்கீகரித்தது. திரும்பிப் பாருங்கள்: முதற்கடன் 90, திருத்தக் கடன் 120. முதலில் போட்ட திட்டம் பிழை என்று மக்கள் காட்டினார்கள். பிழையைத் திருத்துகிற செலவு, பிழை விட்டவனின் கணக்கில் ஏறவில்லை. கடன் வாங்கினவனின் கணக்கில்தான் ஏறியது. ஒரு மேசன் உங்கட வீட்டுச் சுவரைக் கோணலாகக் கட்டிவிட்டு, நீங்கள் சத்தம் போட்டதும் "சரி, இடிச்சுக் கட்டுறன், அதுக்கு இன்னும் கூடக் காசு தா" என்று கேட்டால் என்ன சொல்லுவீர்கள்? அபிவிருத்தி வங்கி கேட்டால் அதுக்குப் பெயர் மேலதிக நிதியளிப்பு.

இன்னொரு கணக்கு. 2010இல் ஒரு டொலர் சுமார் 113 ரூபா. 2025இல் 300ஐத் தொட்டு நின்றது. வெளிநாட்டு நாணயத்தில் வாங்கிய 90 மில்லியன் அப்ப சுமார் 1,000 கோடி ரூபா. 2025இல் அதே தொகை 2,700 கோடி. ஒரு பகுதி இதுக்குள் கட்டுப்பட்டிருக்கும், கணக்கின் போக்கைக் காட்டத்தான் சொல்லுறம். தண்ணீர் வரி ரூபாவில் வருகிறது. கடன் வெளிநாட்டு நாணயத்தில் போகிறது. நடுவில் ரூபா விழுகிற ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியை நிரப்புவது பொதுமக்கள்.

பிறகு மின்சாரம். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க ஒரு கனமீற்றருக்கு 3இலிருந்து 4 அலகு வரை மின்சாரம் வேணும். முழு அளவில் ஓடினால் ஒரு நாளைக்கு 70,000 அலகுக்கு மேலே. 2022 ஏப்ரல் 12ஆம் தேதி இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட ஏலாது என்று கைவிரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் ஒப்பந்தம் வந்தது. அதுக்கு முன்கூட்டியே, பெப்ரவரியில், மின்கட்டணம் 66 வீதம் ஏறியது. செலவை ஈடுகட்டுகிற கட்டணம் என்பதுதான் நிதியத்தின் நிபந்தனை. அப்ப யோசித்துப் பாருங்கள்: மின்சாரம் மலிவு என்ற கணக்கில் திட்டமிட்ட ஒரு நிலையம், மின்சாரம் மலிவாக இருக்கவே கூடாது என்ற நிபந்தனைக்குக் கீழே ஓடுகிறது. இரண்டு நிபந்தனையையும் வைப்பது ஏறத்தாழ ஒரே பங்குதாரர்கள்.

இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா? இருக்கத்தான் வேணும். சிட்னித் தோழர்கள் கேர்னலை நினைக்கலாம். 2010இல் திறந்த கடல்நீர் நிலையம், ஒரு நாளைக்கு 250 மில்லியன் லீற்றர், தாளையடியைவிடப் பத்து மடங்கு. 2012இல் மாநில அரசு அதை 2.3 பில்லியன் டொலருக்கு 50 வருசக் குத்தகைக்குக் கொடுத்தது. அதே வருசம் அணைகள் நிரம்பி நிலையம் நிறுத்தப்பட்டது. 2019 வரை ஒரு சொட்டுத் தண்ணி தராமலே எங்கட வீட்டு பில்லில் காசு எடுத்தது. மெல்பேர்ண் தோழர்களுக்கு வொந்தகி: 2012இல் கட்டி முடிந்தது, முதல் தண்ணி வந்தது 2017இல், கட்டணம் மட்டும் இடைவிடாமல் போனது. வெண்ட்வேர்த்வில்லில் வாடகைக்கு இருக்கிற ஒரு குடும்பமும் மானிப்பாயில் புதுக் குழாய் எடுத்த ஒரு குடும்பமும் ஒரே மாதிரிக் கேள்வி கேட்கலாம்: இந்த பில்லில் எவ்வளவு தண்ணிக்கு, எவ்வளவு காசு போட்டவனுக்கு? வித்தியாசம் ஒன்று. இங்கே அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு விலை நிர்ணய ஆணையம் இருக்கு, பகிரங்க விசாரணை இருக்கு, ஆவணம் எங்களுக்கு விளங்குகிற மொழியில் இருக்கு.

தாளையடி மீனவர்களையும் விடக்கூடாது. உப்பு பிரித்த மிச்சம், கடலைவிடச் செறிவான உவர்நீர், திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. அவர்கள் எதிர்த்தார்கள். ஆய்வு அறிக்கை பாதிப்பில்லை என்றது. வயலுக்கு வந்த பிரச்சினையைக் கடலுக்கு நகர்த்தினோமா? நகர்த்தவில்லை என்று நிரூபிக்கிற பொறுப்பு மீனவனுடையது இல்லை. வருசா வருசம் கடலை அளந்து, அந்த எண்ணைத் தமிழில் கரையூரில் ஒட்டுகிற பொறுப்பு திட்டத்தினுடையது.

கடல்நீர் நிலையமே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. நைத்திரேற்றுத் தண்ணியில் குழந்தைக்குப் பால்மா கரைக்கிற ஒரு தாய்க்கு, இங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு "அது நவதாராளவாதத் தண்ணி, குடியாதேங்கோ" என்று சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. எங்கட கேள்வி இதுதான்: முதலிலேயே கிளிநொச்சியில் உட்கார்ந்து கேட்டிருந்தால்? பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு திட்டம் இருக்கு. ஆனையிறவு, வடமராட்சிக் கடலேரிகளில் உப்புநீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கி, நிலத்தடி நீரையே வளப்படுத்துகிற யோசனை. குளம் தூர்வாருவது, மலகூடக் குழிகளைத் திருத்துவது, உரத்தைக் குறைப்பது எல்லாம் இருக்கு. இதெல்லாம் சேர்ந்தாலும் போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் இவற்றில் பலது சின்னச் சின்ன வேலை. 90 மில்லியன் கடனை ஒரே பொட்டலமாகக் கொடுக்கிற வங்கிக்குச் சின்ன வேலை பிடிக்காது. பெரிய ஒப்பந்தம், பெரிய குழாய், நாடா வெட்டுகிற ஒரு நாள்.

திருத்தம் எப்பவும் மக்களிடமிருந்துதான் வருகிறது என்றும் நினைக்கவேண்டாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியசக்தியும் காற்றாலையும் சேர்ந்த ஒரு மின் திட்டம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில். 2021 ஜனவரியில் கேள்விப்பத்திரத்தில் வென்றது ஒரு சீன நிறுவனம். தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா என்று இந்தியா எதிர்த்தது. வருசக் கடைசியில் மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலை காரணமாக வேலையை நிறுத்துகிறோம் என்று சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய நன்கொடையாக மாறியது. ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். மூன்று வருசம். அந்த மூன்று வருசமும் தீவில் டீசல் ஜெனரேற்றர் ஓடியது. டீசலே இல்லாத 2022 கோடையும் அதுக்குள் அடங்கும். கடன் நன்கொடையானது நல்ல விசயம், அதை மறுக்கவில்லை. ஆனால் நெடுந்தீவாரிடம் எந்தக் கட்டத்தில் ஆர் கேட்டார்கள்? கிளிநொச்சியில் மக்கள் திருத்தக் கேட்டபோது காசு திரும்பிப் போய்விடும் என்றார்கள். டெல்லி திருத்தக் கேட்டபோது காசு எங்கும் ஓடவில்லை, அழகாக உடுப்பை மாற்றிக்கொண்டு வந்தது.

நன்கொடையா கடனா என்பது சும்மா கணக்காளர் பேச்சில்லை. வீடுகளைப் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடு, அதில் 46,000 வடக்கு கிழக்கில், நன்கொடை. குடும்பத்துக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபா கட்டம் கட்டமாகக் கையில் கொடுத்து, நீயே கட்டு என்றார்கள். குறை இருந்தது: காசு போதாமல் நகை அடகு வைத்து, நுண்கடன் வாங்கிக் கூரை போட்ட குடும்பங்கள் நிறைய. ஆனாலும் ஊர் மேசனுக்கு வேலை கிடைத்தது, கல்லும் ஓடும் ஊரில் வாங்கினார்கள், வீடு மனிதர் விரும்பிய பக்கம் வாசல் வைத்தது. அடுத்து, 2015–16இல் கொழும்பு 65,000 உருக்கு வீடு கொண்டுவந்தது. பன்னாட்டு உருக்கு நிறுவனம் ஒன்று பொருத்தித் தரும், ஒரு வீடு சுமார் 21 லட்சம். வன்னி வெயிலில் தகரப் பெட்டி! அந்தக் காசின் பாதியில் கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளர்களும் யாழ்ப்பாணத்துச் சிவில் சமூகமும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தத் திட்டம் அந்த வடிவில் நடக்கவில்லை. இதுவும் மக்கள் செய்த திருத்தம்தான்.

சரி, அவுஸ்திரேலியா? எங்கட வரிக்காசு?

ஒரு சின்னப் பழங்கதை. அவுஸ்திரேலிய உதவியின் கதை கொழும்பில்தான் தொடங்குகிறது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். பெர்சி ஸ்பெண்டர் அங்கே முன்வைத்த யோசனையிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. ஆசியா கம்யூனிசத்துக்குப் போய்விடும் என்ற பயம்தான் அதன் எஞ்சின், ஆரும் அதை ஒளிக்கவும் இல்லை. எழுபத்தைந்து வருசத்துக்குப் பிறகு பயத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கு. 2019 ஜூலையில் பசிபிக் தீவுகளுக்காகத் தொடங்கிய உட்கட்டமைப்பு நிதி வசதியின் பெரும்பகுதி கடன். சீனா துறைமுகம் கட்டுவதுக்கு முதல் நாங்கள் கட்டவேணும் என்பதுதான் காரணம். 2013இல் அபொட் அரசு ஆஸ்எய்டைக் கலைத்து வெளிவிவகாரத் திணைக்களத்துக்குள் கரைத்தது. அதே நவம்பரில் அபொட் கொழும்பு பொதுநலவாய மாநாட்டுக்குப் போய் இலங்கைக் கடற்படைக்கு இரண்டு ரோந்துப் படகு அன்பளிப்புச் செய்தார். எங்கட ஆட்கள் படகேறி இங்கே வராமல் மறிக்க. உதவி வேண்டாம் என்று சொல்லுகிற மூத்த தோழர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது இதைத்தான்: கிணற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிற காசை மறித்தால் கொழும்பின் இராணுவத்துக்கு ஒன்றும் குறையாது. அது திறைசேரியில் சாப்பிடுகிறது. படகு எப்படியும் போகும். நின்றுபோவது கிளிநொச்சிக்குப் போகிறதுதான்.

அதேநேரம் அவர்கள் சொன்னதில் நாங்கள் தூக்கி எறியாத ஒன்று இருக்கு. பாதை என்பது வெறும் பாதை இல்லை. சீன எக்சிம் வங்கிக் கடனிலும் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனிலும் ஏ9ஐயும் மற்ற வீதிகளையும் போட்டார்கள், இந்தியக் கடனில் ரயில்பாதை போட்டார்கள், 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. அப்ப வலிகாமம் வடக்கில் எத்தனை குடும்பம் தங்கட காணிக்குள் கால் வைக்க ஏலாமல் இருந்தது? இன்றைக்கும் எத்தனை? காணியை விடாமல் பாதையை மட்டும் போட்டால், அந்தப் பாதை ஆருக்கு என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு. ஆகவே பந்தியில் காணியும் வருகிறது.

இப்ப காசின் அளவு. 2025–26க்கு அவுஸ்திரேலியாவின் உதவி சுமார் 5.1 பில்லியன் டொலர். தேசிய வருமானத்தில் 0.2 வீதத்தைக் கூட எட்டவில்லை. ஐ.நா. 0.7 என்று இலக்கு வைத்தது 1970இல், எங்களில் பாதிப் பேரின் பெற்றோர் பிறக்க முதல். ஆக்கஸ் நீர்மூழ்கிகளுக்கு அரசின் சொந்த மதிப்பீடே 368 பில்லியன் வரை. காசு இல்லை என்று ஆரும் சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

0.7 கேட்பதில் எங்களுக்குத் தயக்கமில்லை. கூடுகிற காசு இன்னொரு 120 மில்லியன் கடனாகப் போனால் ஆருக்கு லாபம் என்பதுதான் தயக்கம். 2022க்குப் பிறகு இலங்கையில் கடன் மறுசீரமைத்தபோது ஜப்பான், இந்தியா, பிரான்ஸ் எல்லாம் கட்டுகிற காலத்தை நீட்டின. தனியார் பிணைமுறிக்காரர்கூட ஒரு வெட்டு வாங்கினார்கள். உள்நாட்டில் தொழிலாளியின் ஊழியர் சேமலாப நிதியில் கை வைத்தார்கள். உலக வங்கிக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் மட்டும் ஒரு சதமும் குறையவில்லை. அவை முன்னுரிமைக் கடன்காரர். தேயிலைத் தோட்டத்துப் பெண்ணின் ஓய்வுக்காசு திருத்தப்படலாம், வங்கியின் கடன் திருத்தப்படக்கூடாது. இந்தியா 2025 ஏப்ரலில் 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட கடனை நன்கொடையாக மாற்றியதாக அறிவித்தது. 2018இல் கடனாக இருந்த காங்கேசன்துறைத் துறைமுக வேலையும் இப்ப நன்கொடை. அதன் உள்நோக்கம் எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒன்றை அது காட்டிவிட்டது: மனம் இருந்தால் கடனை மாற்றலாம், சட்டப் புத்தகம் தலையில் விழாது.

எங்கட பந்தி மூன்று விசயம் கேட்கிறது. போருக்குள்ளாலும் கடன் முறிவுக்குள்ளாலும் வந்த இடங்களில் குடிதண்ணி, வீடு, சுகாதாரம் மாதிரி அடிப்படை வேலைகளுக்கு அவுஸ்திரேலியா நேராகக் கொடுப்பதும், வங்கிகளூடாகக் கொடுப்பதும் நன்கொடையாக இருக்கவேணும். இடமோ, தண்ணி எடுக்கிற மூலமோ, காசு கொடுக்கிறவரோ மாறினால், அந்தத் திருத்தம் பாதிக்கப்படுகிற மக்களிடம் திரும்பப் போகவேணும், தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஆவணத்தோடு. பிழையான திட்டத்தைத் திருத்துகிற செலவில் கடன் கொடுத்தவரும் பங்கு எடுக்கவேணும். இராணுவம் பிடித்து வைத்திருக்கிற காணியில் எந்தத் திட்டத்துக்கும் காசு போகக்கூடாது என்பது முதலாவதோடு சேர்ந்து வருகிறது.

இதை ஏன் கன்பராவிடம் கேட்கிறோம் என்று ஒரு தோழர் கேட்டார், நல்ல கேள்வி. அவுஸ்திரேலியா ஆசிய அபிவிருத்தி வங்கியின் 1966 ஸ்தாபக உறுப்பினர். இன்று ஜப்பான், அமெரிக்கா, சீனா, இந்தியாவுக்கு அடுத்த பெரிய பங்குதாரர். எங்கட ஃபெடரல் ட்ரெஷரர்தான் அந்த வங்கியில் அவுஸ்திரேலியாவின் ஆளுநர். பன்னிரண்டு பேர் கொண்ட பணிப்பாளர் சபையில் எங்களுக்கு ஒரு கதிரை இருக்கு. இரணைமடுக் குழாய் மேசைக்கு வந்தபோதும், 120 மில்லியன் வந்தபோதும் அந்தக் கதிரையில் ஒரு ஆள் இருந்தார். பரமட்டாவிலோ பிளாக்டவுனிலோ இருக்கிற ஒரு வாக்காளர் தன்ர எம்.பி.யிடம் "அந்தக் கதிரை எப்படி வாக்களித்தது, ஏன்?" என்று கேட்கலாம். கிளிநொச்சி விவசாயிக்கு இல்லாத ஒரு பிடி எங்களிடம் இருக்கு. பாவிக்காமல் வைத்திருக்கிறோம்.

பிடி வேலை செய்யும் என்பதுக்கும் ஒரு சாட்சி, அதுவும் தெற்கிலிருந்து. கொழும்பு–மாத்தறை அதிவேக வீதியால் வீடும் வயலும் இழந்த சிங்களக் கிராமத்து மக்கள் 2004இல் இதே வங்கியின் பொறுப்புக்கூறல் பொறிமுறைக்கு முறைப்பாடு கொடுத்தார்கள். அந்தப் பொறிமுறைக்கு வந்த முதல் வழக்குகளில் அது ஒன்று. வங்கி தன்ர சொந்த விதிகளையே முழுசாகப் பின்பற்றவில்லை என்று விசாரணை சொன்னது, அதைத் திருத்துகிற வேலை பல வருசம் கண்காணிக்கப்பட்டது. போன வீடு எல்லாம் வரவில்லை. ஆனால் பாதையை வரைந்தவர்கள் முதல் தடவையாகக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. அந்த மாத்தறைக்காரருக்கும் இரணைமடுக்காரருக்கும் நடுவில் மொழிபெயர்க்க இரண்டு பேர் இருந்திருந்தால் என்று நாங்கள் கூட்டத்தில் கனக்க நேரம் கதைத்தோம். எங்கட கூட்டத்திலேயே சிங்களம் தெரிந்தவர் இரண்டு பேர்தான், ஒருவர் நர்சிங் ஷிஃப்டால் பாதியில் வந்தவர்.

கடிதத்தின் வரைவும் பந்தியும் இந்த மின்னஞ்சலோடு இணைத்திருக்கு. உடன்படாத இரண்டு தோழர்களும் தங்கட காரணத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கினம், அடுத்த இதழில் ஒரு சொல்லும் வெட்டாமல் வரும். பந்தியைச் சிங்களத்துக்கு மொழிபெயர்க்க ஒருவர், எம்.பி.மாரின் அலுவலகங்களுக்குப் போக ஆறு பேர், மெல்பேர்ணில் டான்டினோங் பக்கம் ஒருவர் தேவை. வருகிற ஞாயிறு பின்னேரம் 3 மணி, அதே கராஜ். பெரிய வீதியில் ஞாயிறு பார்க்கிங் கிடைக்காது, கோயிலுக்கு வருகிற ஆட்களோடு சண்டை பிடியாமல் ரயிலில் வாருங்கோ. ஹீட்டர் இருக்கிறவர்கள் ஒன்று கொண்டுவந்தால் நல்லது.